மணலுக்குள் ஒரு சத்தம்

மணலுக்குள்ளிருந்து "டிங்" என்று ஒரு சத்தம் வந்தது. இல்லை, மேலே கூரையிலிருந்து வந்ததோ என்னவோ. அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை.

வெயில் இறங்கும் நேரம். பகலெல்லாம் காய்ந்த தகரக் கூரை அப்போதுதான் குளிர ஆரம்பிக்கும். குளிரும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சத்தம் போடும். பட்டறையில் யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை. ஆனால் அன்று அவன் ஓர் இரும்புத் தொட்டியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். தொட்டி நிறையக் காய்ந்த மணல். அதற்குள் அக்காவின் வண்டியிலிருந்து கழற்றிய முன் ஆக்சில் சூடு ஆறுவதற்காகப் புதைந்து கிடந்தது.

ஆக்சிலின் நடுவே பல்சக்கரங்கள் சுற்றும் கூடு வார்ப்பிரும்பு. அதன் இரண்டு பக்கமும் கைகளை நீட்டியதுபோல் செருகியிருக்கும் குழாய்கள் உருக்கு. இரண்டையும் சேர்த்துப் பற்றவைப்பது லேசுப்பட்ட வேலையில்லை. வார்ப்பிரும்பு கோபக்காரச் சொந்தக்காரர் மாதிரி. மெதுவாகச் சூடேற்ற வேண்டும், மெதுவாக ஆற விட வேண்டும். அவசரப்பட்டால் ஒரே ஒரு சத்தம், அதோடு உறவு முடிந்துவிடும்.

அந்தச் சத்தம் "டிங்" என்றுதான் இருக்கும்.

"கேட்டுச்சா?" என்றான்.

"என்னது?" என்றார் லேத்துக்காரர். பட்டறையில் பாதி இடம் அவருடையது, பாதி இவனுடையது. அவர் கடைசல் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சத்தம். டிங்னு."

"கூரை." அவர் நிமிரக்கூட இல்லை. "தினம் அடிக்குது. இன்னைக்குத்தான் உனக்குக் காது மொளைச்சுதா?"

"மணலுக்குள்ளேர்ந்து வந்த மாதிரி இருந்துச்சு."

"அப்போ மணலைக் கேளு." துணியை உதறினார். "எப்படியும் மொத ஓட்டத்துல நீதானே உக்காரப் போற. அங்க தெரிஞ்சிடும்."

அது அந்தப் பட்டறையின் வழக்கம். அச்சையோ ஸ்டியரிங்கையோ பிரேக்கையோ யார் பற்றவைத்தார்களோ, அவர்தான் முதல் ஓட்டத்தில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். இதை யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. ஒருமுறை லேத்துக்காரரிடம் ஏன் என்று கேட்டான். "நானே உக்காரணும்னா எனக்குப் பயமா இருக்கும்ல, அப்போ ஒழுங்காப் பத்தவைப்பேன்" என்றார்.

மணலைத் தோண்டிப் பார்க்கலாம். ஆனால் தோண்டினால் காற்றுப் படும், காற்றுப் பட்டால் இரும்பு சட்டென்று ஆறி வெடிப்பு விடும். வெடித்ததா என்று பார்க்கப் போய் வெடிக்க வைத்த கதையாகிவிடும். மணலின் மேல் உள்ளங்கையை வைத்தான். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றிபோல் சுட்டது.

வண்டிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் சித்தப்பா. காலையில் கிளப்பும்போது அவர்களுடைய சொந்தச் சித்தப்பா மாதிரியே இருமும், பிறகு புகைவிடும், பிறகு எதற்கென்று தெரியாமல் அதிரும். எத்தனையோ கை மாறி, விற்க முடியாமல் ஒருவர் கொட்டகையில் கிடந்ததை அக்கா வாங்கினாள். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகளில் அவள் கைக்கு எட்டியது அது ஒன்றுதான். அவள் தடுப்பூசி போடும் நர்ஸ். மலைமேல் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்கு நீலநிறக் குளிர்பெட்டியோடு போக வேண்டும். அலுவலகத்து வண்டி அடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் பாறையை வெட்டிப் போட்ட ஒற்றைத் தடம். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஒன்றுமில்லை.

மழைக்காலம் முடிந்தபோது சித்தப்பாவின் முன்சக்கரங்கள் மேலே உள்வாங்கி, கீழே அகன்று நின்றன. ஆக்சில் குழாய் வளைந்திருந்தது.

"மூட்டு தேஞ்சுபோச்சு பாவம்" என்றாள் அக்கா. "வயசாகுதுல்ல."

"மூட்டு இல்லக்கா, முதுகு."

"நீ இருக்கியே, நிமித்திவிட மாட்டியா?"

நிமிர்த்தினான். அதோடு விடவில்லை. கழித்துப்போட்ட லாரிச் சட்டத்திலிருந்து தடித்த தகடுகளை அறுத்து எடுத்தான். பழைய ஆழ்துளைக் குழாயை லேத்துக்காரரிடம் கொடுத்துக் கடைந்து வாங்கி, ஆக்சில் குழாய்க்குள் உறையாகச் செருகினான். சக்கரம் திரும்பும் முனைகளில் முக்கோணத் துண்டுகளை வைத்தான். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பாலம் மாதிரி ஒரு முதுகுத் தகடு. ராத்திரி படுத்தால் அந்தத் தடம் கண்ணுக்குள் வரும், அக்கா தனியாக அதில் போவது தெரியும். காலையில் எழுந்ததும் இன்னொரு தகடு வைப்பான். "ஆக்சிலா செய்யற, கோட்டையா கட்டற?" என்று கேட்டார் லேத்துக்காரர்.

தப்பு நடந்தது வரிசையில். குழாயையும் கூட்டையும் முதலில் பற்றவைத்து, ஆறவிட்டு, சுற்றிலும் சோதித்துவிட்டு, கடைசியில்தான் முதுகுத் தகட்டை வைக்க வேண்டும். ஆனால் சூட்டில் குழாய் மறுபடி வளைந்துவிடுமோ என்று பயந்தான். அதனால் தகட்டை முதலிலேயே வைத்துப் பற்றவைத்து இறுக்கினான். பிறகு வெல்டிங் ராடை வளைத்து, தகட்டுக்கு அடியில் கையை நுழைத்து, கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் குத்துமதிப்பாகப் பற்றவைத்தான். இரும்பு ஆறும்போது சுருங்கும். சுருங்க விடாமல் இரண்டு பக்கமும் பிடித்து வைத்திருந்தது அவன் போட்ட தகடேதான். இது அவனுக்கு உறைத்தது ஆக்சிலை மணலில் புதைத்த பிறகு. உறைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம்.

மறுநாள் காலை மணலை விலக்கினான். பற்றவைப்பு அழகாக இருந்தது. மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சாக்பீஸைக் குழைத்துப் பூசினான். விரிசல் இருந்தால் அதற்குள் ஒளிந்திருக்கும் மண்ணெண்ணெய் கசிந்து வந்து வெள்ளையில் ஒரு கோடு போடும். முன்பக்கம் கோடு இல்லை. அடியில் இல்லை. பின்பக்கம் இல்லை. தகட்டுக்கு அடியில் கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் பாக்கி. அங்கே சாக்பீஸும் போகாது, கண்ணும் போகாது. பார்க்க வேண்டுமென்றால் தகட்டை அறுத்து எடுக்க வேண்டும்.

கட்டிங் மிஷினைக் கையில் எடுத்தான். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றான். கூரைதான், என்று சொல்லிக்கொண்டு கீழே வைத்தான்.

அன்று மாலை ஆக்சிலை வண்டியில் மாட்டி, கியர் ஆயில் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனபோது அக்கா சமையலறை மேடையில் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் தெளித்த துணியிலிருந்து ஆவி எழுந்தது.

"நாளைக்கு மேல வரைக்கும் ஓட்டிப் பாத்துடலாம். திங்கக்கிழமை ஊசி போடப் போகணும். எல்லாம் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

பார்க்க முடிந்ததையெல்லாம் பார்த்திருந்தான், பொய்யில்லை. ஆனால் சொன்னதும் வாயில் இரும்புத்தூள் மென்றதுபோல் இருந்தது.

"ஏன் மொகம் இப்படி இருக்கு?"

"எப்படி?"

"ஊசி போட வரிசையில நிக்கற பசங்க மாதிரி."

அவன் சிரித்தான். அவளிடம் என்ன சொல்வது? கூரையா ஆக்சிலா என்று தெரியாத ஒரு சத்தம் கேட்டது, அதனால் எல்லாவற்றையும் பிரித்துப் போடுகிறேன் என்றா? அந்தத் தடத்தில் வருஷக்கணக்காக ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, வண்டியோடு பேசிக்கொண்டே போய்வருகிறவள் அவள். சின்ன வயதில் கதவுத் தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்ப எழுந்து போய்ப் பார்த்தவன் அவன். "போதும் படுடா, தாழ்ப்பாளே பயந்துடும்" என்பாள் இருட்டிலிருந்து. பயம் அவனுடைய இலாகா. தைரியம் அவளுடையது. அப்படித்தான் வீட்டில் பிரித்திருந்தார்கள்.

காலையில் சித்தப்பா இருமினார், புகைவிட்டார், அதிர்ந்தார். லேத்துக்காரர் பட்டறை வாசலில் நின்று கையசைத்தார்.

"ஸ்டியரிங் லேசா இருக்கு" என்றாள் அக்கா. "நேராப் போகுது. நல்லாத்தான் பண்ணியிருக்க."

கல் உடைக்கிற இடத்தைத் தாண்டும்வரை அவனும் அதை நம்பினான். அதற்குப் பிறகு தடம் ஒடுங்கியது. அக்கா சின்ன கியருக்கு மாற்றினாள். அவள் பக்கம் பாறைச்சுவர் கண்ணாடியை உரசுவதுபோல் வந்தது. அவன் பக்க ஜன்னலில் முதலில் புதர்கள் தெரிந்தன, பிறகு மர உச்சிகள், பிறகு வெறும் காற்று. தடம் வெளிப்பக்கமாகச் சரிந்திருந்தது. வண்டியும் அவனை ஏந்திக்கொண்டு அந்தப் பக்கமாகவே சாய்ந்து ஏறியது.

"வாங்க சித்தப்பா, வாங்க" என்றாள் அக்கா. "இந்தக் கல்லு ஒண்ணும் பண்ணாது. போன தடவையும் இதே கல்லுதான். மொறைக்காதீங்க, ஏறுங்க. தம்பி வந்திருக்கான் பாருங்க, மானத்தை வாங்காதீங்க."

சக்கரம் கல்லில் ஏறியது. ஏதோ "டக்" என்றது.

அவன் காதைத் தீட்டிக்கொண்டான். ஸ்பிரிங் பட்டையாக இருக்கும். மறுபடி "டக்". கதவுக் கீலாக இருக்கும். பின்னால் ஜாக்கி உருண்டது, தாழ்ப்பாள் ஆடியது, எங்கோ ஒரு திருகாணி நடுங்கியது. வண்டி முழுக்கச் சத்தங்களால் செய்ததுபோல் இருந்தது. இத்தனை சத்தங்களில் ஒன்று மட்டும் அவனுடையது. அது எது? கூடும் குழாயும் பிரிந்தால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். சக்கரம் மடங்கும், ஸ்டியரிங் வெட்டி இழுக்கும், எந்தப் பக்கம் சரிவோ அந்தப் பக்கம் இழுக்கும். அவள் ஒரு கையால்தான் பிடித்திருந்தாள். அந்தக் கையையே பார்த்தான். இருக்கையின் விளிம்பைப் பிடித்திருந்த அவன் விரல்கள் மரத்துப்போயின.

"என்னடா, சித்தப்பாவைக் கிள்ளிட்டு வர்ற?"

"ஒண்ணுமில்ல."

"வாந்தி வருதா?"

"இல்ல. அக்கா... நிறுத்து."

"இங்கயா? உன் பக்கம் கதவைத் திறந்தா எறங்க முடியாது, பறக்கத்தான் முடியும்."

"நிறுத்துக்கா!"

அவன் கத்தியது அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. வண்டி நின்றது. எஞ்சின் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. கீழேயிருந்து காற்று ஏறி வந்து ஜன்னலில் தட்டியது.

"ஒரு சத்தம் கேட்டுச்சு" என்றான்.

"எப்போ?"

"முந்தாநேத்து."

அக்கா திரும்பிப் பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தான். அவள் சிரிக்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்தாள், இன்னும் ஒரு பல் இழுத்தாள்.

"முழுசாச் சொல்லு."

சொன்னான். மணல், கூரை, தகட்டை முதலில் வைத்தது, கண்ணுக்கு எட்டாத அந்தக் கை அகல இடம், கட்டிங் மிஷினை எடுத்துக் கீழே வைத்தது. சொல்லச் சொல்ல அவளுடைய இன்னொரு கையும் ஸ்டியரிங்கைப் பிடித்ததைக் கவனித்தான்.

"பின்னாடியே போனா?" என்றாள்.

"பின்னாடி போனா வெளிச்சக்கரம் விளிம்புக்குப் போயிடும். முன்னாடி அகலமான எடம் இருக்கா?"

"அந்தத் திருப்பத்துக்கு அப்புறம் இருக்கு."

"அப்போ நான் எறங்கி முன்னாடி நடக்கறேன். சக்கரத்தைப் பாத்துக்கிட்டே வர்றேன். கையைக் காட்டினா நிறுத்திடு. நீ பெல்ட்டைக் கழட்டிடு. உன் பக்கக் கதவைத் திறந்தே வெச்சுக்க. ஏதாவதுன்னா சுவர்ப் பக்கம் குதிச்சிடு."

"சித்தப்பாவை விட்டுட்டா?"

அது நகைச்சுவைதான். ஆனால் குரல் பாதியில் உடைந்தது.

அவள் பக்கமாக, அவள் மடியைத் தாண்டி, பாறைக்கும் வண்டிக்கும் நடுவில் உடம்பை நெளித்து இறங்கினான். வண்டிக்கு முன்னால் போய்க் குனிந்துகொண்டு, பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தான். வண்டி அவனை நோக்கி ஊர்ந்து வந்தது. பம்பருக்கு அடியில் அவன் கட்டிய கோட்டை கறுப்பாகப் பளபளத்தது. முதுகுத் தகட்டின் இடுக்கை மட்டும் பார்த்தான். காலுக்குப் பின்னால் தடம் இருக்கிறதா என்று குதிகாலால் தடவிப் பார்த்து அடியெடுத்து வைத்தான்.

அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியோடும் பேசவில்லை.

திருப்பத்தில் வண்டி இன்னும் சாய்ந்தது. அப்போது பார்த்தான். தகட்டின் வெளிப்பக்க ஓரத்திலிருந்து கூட்டின் கன்னத்தில் ஈரமாக ஏதோ மின்னியது. அதன்மேல் புழுதி ஒட்டி, முடிபோல் மெல்லிய ஒரு கோடு. கையைக் காட்டவில்லை. திருப்பத்தின் நடுவில் நிறுத்துவது அதைவிட மோசம். கையை ஆட்டி, வா, வா என்று கூப்பிட்டான். பாறை விலகி அகலமான இடம் வந்தது. வண்டி சமதரையில் நின்றது. அக்கா எஞ்சினை அணைத்தாள்.

சக்கரங்களுக்குக் கல் கொடுத்துவிட்டு அவன் அடியில் ஊர்ந்து போனான். அக்காவும் மண்ணில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தாள்.

"ஆயில் ஊத்தும்போது சிந்தினதா இருக்குமோ?" என்றாள்.

"இருக்கலாம்."

"சரி, தொடைச்சிட்டுப் பாப்போம்." அவள் தன் பையிலிருந்து பஞ்சு எடுத்துக் கொடுத்தாள். தகட்டின் இடுக்கில் நுழைத்துத் துடைத்தான். முதல் பஞ்சு கறுப்பாக வந்தது, அடுத்தது பழுப்பாக, அதற்கடுத்தது வெள்ளையாகவே வந்தது. காத்திருந்தார்கள். எதுவும் வரவில்லை.

ஒரு கணம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் முகம் மலரத் தொடங்கியது. அங்கேயே எழுந்துவிடலாம். சிந்தினதுதான் என்று சொல்லிவிடலாம். அவனுக்கு அந்த ஆசை தாகம்போல் வந்தது.

"சமதரையில வராது" என்றான். "வண்டி சாயணும். சாஞ்சாத்தான் உள்ள இருக்கற ஆயில் அந்தப் பக்கம் ஓடும்."

ஜாக்கியை எடுத்துச் சுவர்ப் பக்கத்தைத் தூக்கினான். தடத்தில் வந்த அதே சாய்வு வரும்வரை தூக்கினான். புதுப் பஞ்சை இடுக்கில் வைத்தான். வெயில் பாறையில் ஏறிக்கொண்டிருந்தது. தூரத்தில் யாரோ மாடு ஓட்டும் சத்தம். அக்கா பஞ்சையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள், வெப்பமானியை வைத்துவிட்டுக் காத்திருப்பதுபோல்.

பஞ்சை எடுத்தான். நடுவில் பழுப்பாக ஒரு கோடு, மையில் வரைந்த மாதிரி.

அக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "இது ரத்தமா இருந்தா, இன்னும் நிக்கலைன்னு எழுதுவேன்" என்றாள்.

"வெடிப்புதான்."

"எவ்வளவு பெருசு?"

"தெரியல. தகட்டை எடுத்தாத்தான் தெரியும்."

"அப்போ இதோட கீழ எறக்கலாமா?"

தகடு தாங்கும். அநேகமாகத் தாங்கும். உள்ளே உறை இருக்கிறது, அதுவும் கொஞ்சம் தாங்கும். இந்த மாதிரி வெடிப்போடு வருஷக்கணக்கில் ஓடும் வண்டிகள் எத்தனையோ இருக்கும். இறங்கும்போது பாரம் முழுக்க முன்னால் வரும், ஆனால் மெதுவாக ஓட்டினால்... இவை எல்லாமே உண்மைதான். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக உண்மைகளை அடுக்கித்தான் அவளை இந்த இடம்வரை கூட்டி வந்திருந்தான்.

"வேண்டாம்" என்றான்.

"நெஜமாவா?"

"வேண்டாம்கா. நான் ஓட்ட மாட்டேன். நீயும் ஓட்டாத."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். சாவியை வண்டியிலிருந்து உருவிப் பையில் போடப் பார்த்தாள். சாவி இரண்டு தரம் பையின் வாயில் பட்டுக் கீழே விழுந்தது. அவன் எடுத்துக் கொடுத்தான். அவள் கை பனிக்கட்டி மாதிரி இருந்தது.

"திட்டு" என்றான்.

"இரு. இப்போ முடியல. வீட்டுக்குப் போயி திட்டறேன்." முட்டியைக் கட்டிக்கொண்டாள். "எனக்கு இந்த ரோடுன்னாலே உயிர் போயிடும்டா."

"உனக்கா?"

"பின்ன?"

"நீ பேசிக்கிட்டே ஓட்டுவியே."

"வாயை மூடினா அழுதுடுவேன். அதான்."

அவள் பயப்படாதவள் என்று நினைத்துத்தான் அவன் தன் பயத்தைச் சொல்லாமல் மென்று விழுங்கினான். அவளோ, இவன் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறவன், இவன் பார்த்துவிட்டேன் என்றால் பார்த்ததுதான் என்று நம்பி ஏறியிருக்கிறாள். ஒருவரின் தைரியத்தை மற்றவர் கடன் வாங்கி, கடைசியில் இருவரிடமும் கைவசம் எதுவும் இல்லாமல் இந்தப் பாறை விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

"திங்கக்கிழமை?" என்றான்.

"நடந்துதான். மேல இருக்கறவங்க எல்லாரும் நடக்கத்தானே செய்யறாங்க."

"பெட்டியை நான் தூக்கறேன்."

"தூக்கித்தான் ஆகணும். கேட்டுக்கிட்டா இருப்பேன்?"

கூடுதலாகக் கல் வைத்து வண்டியை முட்டுக்கொடுத்துவிட்டு இறங்க ஆரம்பித்தார்கள். ஒடுங்கிய இடம் வந்ததும் அவன் வெளிப்பக்கமாகப் போனான். அவள் அவன் சட்டையைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் இழுத்தாள். இருவரும் பக்கவாட்டில் போக இடமில்லை. ஒருவர் பின் ஒருவராக, பாறையைத் தடவிக்கொண்டே போனார்கள். காற்று மேலேறி வந்து துணியைப் பிடித்து இழுத்தது. வண்டியில் வரும்போது இருந்ததைவிடப் பள்ளம் இப்போது பக்கத்தில் இருந்தது.

"ஏதாவது பேசுடா" என்றாள் பின்னாலிருந்து.

"என்ன பேச?"

"எதையாவது. எப்படிச் சரிபண்ணப் போறன்னு சொல்லு."

முதலில் தகட்டை அறுத்து எடுக்கணும், என்று ஆரம்பித்தான். அப்புறம் வெடிப்போட ரெண்டு முனையையும் தேடி, அது மேல ஓடாம இருக்க முனையில துளை போடணும். பழைய பத்தவைப்பை முழுக்கச் சுரண்டணும். மறுபடி சூடேத்தணும், கொஞ்சம் கொஞ்சமாப் பத்தவைக்கணும். தகடு இல்லாம. கடைசியிலதான் தகடு.

"அப்போ பத்தவைச்சது பிடிக்குமா?"

காலடியில் ஒரு கல் உருண்டு விளிம்பைத் தாண்டியது. விழுந்த சத்தம் மேலே வரவே இல்லை. அவன் பாறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவன் சட்டையின் பின்பக்கத்தை அவள் கை இறுக்கிப் பிடித்ததை உணர்ந்தான்.

"தெரியாது" என்றான். "பிடிக்கலாம். பிடிக்காமலும் போகலாம். கூடு முழுசா வீணாப் போயிருந்தா வேற கூடு தேடணும்."

"சரி" என்றாள். கை சட்டையை விடவில்லை. "அப்புறம்? மேல சொல்லு."